மணம் பார்த்துப் போட்ட காபி

மார்மன் என்ற கிறிஸ்தவ சபையாரைப் பற்றி ஆராயும் வரலாற்றுப் பேராசிரியை தில்ஷாத், நான்கு ஆண்டுகளாக அச்சபையைச் சேர்ந்த ஞானாபரணம் அம்மாள் வீட்டுக்கு வந்துபோகிறாள். அந்தச் சபையார் காபியைத் தொடக் கூடாது. ஆனாலும் இவளுக்கென்றே ஃபில்டர் வாங்கி, ருசி பார்க்க வழியில்லாமல் மணத்தை மட்டும் நம்பிப் போட்டுத் தருவார் அம்மாள். அது கஷாயம்போலக் கசக்கும். முதல் நாளே "அருமை" என்று சொல்லித் தொலைத்தாயிற்று. அந்தப் பக்குவம் ஒருநாளும் மாறவில்லை.

இன்று ஆய்வின் கடைசி நாள். தில்ஷாத் டம்ளரைக் காலிசெய்தாள். இன்றாவது உண்மையைச் சொல்ல வாயெடுத்தபோது, அம்மாள் ஃபிளாஸ்க்கோடு வந்து நின்றார்.

"வழியில குடிக்கறதுக்கு ஊத்தி வெச்சிருக்கேன் கண்ணு. இனி உனக்கு யாரு இப்படிப் போட்டுத் தருவா?"

"யாரும் தரமாட்டாங்கம்மா" என்று தில்ஷாத் இரண்டு கைகளையும் நீட்டினாள்.