நாலாவது தடவை

"மூணு தடவைதான் கலைக்கணும்னு ரூல். நீ ஏன் நாலு தடவை கலைச்சே?"

மேற்பார்வையாளர் வெர்ன் தன் அறைக்குக் கூப்பிட்டு மேஜையைத் தட்டிக் கேட்டதும் லோர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெனோ நகரத்தின் அந்தச் சூதாட்ட விடுதியில் பத்தொன்பது வருஷமாகப் பிளாக்ஜாக் மேஜையில் சீட்டுப் போடுகிறவள் அவள். இதுவரை ஒருவரும் அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கலைப்பது, அடுக்குவது, வெட்டுவது எல்லாம் விதிப்புத்தகத்தில் உள்ளபடி அச்சுப் பிசகாமல் செய்வாள். கூட வேலை செய்கிறவர்கள் மிஷின் என்று கேலி செய்வார்கள்.

இன்றைக்கு மட்டும் கை தவறியது நிஜம். கணவன் டுவைட்டுக்குத் திங்கட்கிழமை இதய ஆபரேஷன். அந்த நினைப்பில் எண்ணிக்கை தப்பி, எதற்கும் இருக்கட்டுமே என்று இன்னொரு தடவை கலைத்துவிட்டாள். மேஜையில் யாரும் முகம் சுளிக்கக்கூட இல்லை. இதற்குப் போய் இப்படியா?

வெர்ன் ஒரு காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான். கடைசி எச்சரிக்கை. இனி ஒரு தடவை கலைப்பு மாறினாலும் வேலை போய்விடும் என்று எழுதியிருந்தது. லோர்னா அதை இரண்டு தடவை படித்தாள். வேலை போனால் இன்சூரன்ஸும் போய்விடும். அப்புறம் ஆபரேஷனுக்கு எங்கே போவது?

"கூட ஒரு தடவை கலைச்சா யாருக்கு என்ன நஷ்டம், வெர்ன்? நல்லாத்தானே கலையும்?"

"எதிர்க்கேள்வி கேக்காதே. எப்பவும்போல மூணு. கையெழுத்துப் போடு."

அவள் பேனாவை எடுத்தபோது கேமரா அறைப் பொறுப்பாளர் இமெல்டா உள்ளே வந்தாள். காகிதத்தைப் படித்துவிட்டு, இது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று வெர்னைக் கேட்டாள். காலையிலிருந்து அவன் அவளோடு மேல்மாடி மீட்டிங்கில் இருந்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்திருந்தான். ஆட்டக்காரர் ஒருவர் புகார் சொன்னதாக முணுமுணுத்தான்.

இமெல்டா லோர்னாவின் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டாள். கேமராப் பதிவில் பார்த்ததைச் சொன்னாள்: மூன்று மாதமாகப் பச்சைத் தொப்பிக்காரர் ஒருவர் லோர்னாவின் மேஜையில் மட்டும் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தாராம். கலைப்பு ஒரே மாதிரி இருந்தால் போதும், ஜெயிக்க வைக்கும் ஏஸ் சீட்டுகளெல்லாம் சீட்டுக்கட்டில் எந்த இடத்துக்குப் போகின்றன என்று பழகிய கண் கண்டுபிடித்துவிடுமாம். மற்றவர்களுக்குக் கை முன்னே பின்னே போகும். லோர்னாவின் கை மாறவே மாறாது. இன்று அது மாறியதும் மனிதர் கைப்பணம் மொத்தத்தையும் விட்டாராம்.

லோர்னா காகிதத்தைத் தள்ளி வைத்தாள். "சத்தியமா அந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது, இமெல்டா."

"உனக்குத் தெரியாது, லோர்னா," என்ற இமெல்டா வெர்ன் பக்கம் திரும்பினாள். "அவர் இங்க யார்கிட்டயும் புகார் சொல்லல, வெர்ன். தோத்ததும் நேரா கார் நிறுத்தற இடத்துக்குப் போனார். சாவி போட்டுத் திறந்து, இப்ப உங்க கார்லதான் உக்காந்திருக்கார்."