சுகந்தி கொண்டுபோன தாம்பாளம்

“யாரையும் கேட்காம எல்லாத்தையும் நானே முடிவு பண்ணிக்குவேங்கிறதுதான் இந்தக் காலத்தோட வியாதி. கல்யாணம்னா முறையா வந்து பெரியவங்ககிட்ட கேட்கணும்” என்று அன்று கல்லூரி கேன்டீனில் சொன்னான் தத்துவம் நடத்தும் சிற்றம்பலம்.

“வந்து கேட்க ஆளே இல்லாதவங்க என்ன பண்ணுவாங்களாம்?” என்றாள் சுகந்தி. அவள் இயற்பியல் நடத்துபவள். அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கும் என்பது கேன்டீன் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

இன்று அவள் பட்டுப்புடவை கட்டி, வெற்றிலையும் பழமும் பூவும் நிறைந்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனாள்.

“தனியாவா போற கண்ணு? கூட யாரும் வரலையா?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி.

“மாப்பிள்ளை கேட்கப் போறேன்க்கா. மொத்தக் கூட்டமும் நான்தான்.”

சிற்றம்பலம்தான் கதவைத் திறந்தான். சுகந்தி அவனைத் தாண்டி உள்ளே போய், அவன் அம்மாவிடம் தாம்பாளத்தை நீட்டினாள். மூன்று வருடமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள்.

“உங்க பிள்ளையை எனக்குக் குடுங்கம்மா.”