பாஸ்டனில் என் வீட்டுக்காரன்

மூன்றாவது முறையும் லாக்லனுக்கு மூன்று கைகள் வந்தன.

"ஒண்ணைக் குறை," என்றான், என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "அப்படியே தொப்பையையும்."

தொப்பையை நான் கேட்காமலே ஏஐ குறைத்திருந்தது. இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் என்னால் முடியாததை ஒரு ஆப் எட்டு நொடியில் முடித்துவிட்டது.

திரையில் என் வீட்டுக்காரன் பாஸ்டன் வெயிலில் கில்ட் பாவாடை கட்டிக்கொண்டு, ஸ்காட்லாந்து ரசிகர் கூட்டத்துக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தான். கையிலிருந்த பீர் குடிக்கக் குடிக்கக் கூடிக்கொண்டே போனது. அதை மட்டும் திருத்த வேண்டாம் என்றான்.

நிஜத்தில் அதே கில்ட்டோடு, ஸ்காட்லாந்தின் வடகோடியில், தர்சோ கடற்கரையில், வாடகை கேரவனுக்குள், ஃப்ரிட்ஜில் சாய்ந்து சாஸேஜ் தின்றுகொண்டிருந்தான்.

தர்சோவைத் தேடிப் பிடித்ததும் அவன்தான். எங்கள் கிரீனக் ஊர்க்காரன் எவனும் தலைவைத்துப் படுக்காத ஊர்.

இருபத்தெட்டு வருடம் கழித்து ஸ்காட்லாந்து உலகக் கோப்பைக்குப் போகிறது, லாக்லன் போகாமல் இருப்பானா? பப்பில் மேசை மேல் ஏறி அறிவித்தான். ஊரே கூடி, பைப் வாத்தியம் ஊதி வழியனுப்பியது. அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்ட பெரிய கொடி ஒன்றைக் கையில் கொடுத்து, பாஸ்டனில் விரித்துக் காட்டச் சொன்னார்கள்.

அவனை உள்ளே விட முடியாது என்று அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது அதற்கு முந்தின நாள். இவன் வாயைத் திறக்கவில்லை. பைப் ஊதுகிறவரிடம் ஏற்கெனவே சொல்லிவைத்தாயிற்றாம்.

எல்லாம் 1998-இன் புண்ணியம். ஸ்காட்லாந்து கடைசியாக ஆடிய உலகக் கோப்பை, பிரான்ஸில். ஆட்டத்துக்கு முந்தின நாள் லாக்லன் ஒரு நீரூற்றின் மேல் ஏறி, தன் கில்ட்டை அவிழ்த்து, அங்கிருந்த கல் தேவதைக்குக் கட்டிவிட்டிருக்கிறான். பாவம், குளிருமே என்ற இரக்கம்.

கில்ட்டுக்கு அடியில் ஒன்றும் போடக் கூடாது என்பது எங்கள் ஊர் ஆண்கள் விடாமல் காப்பாற்றிவரும் ஒரே மரபு. பிரெஞ்சுப் போலீஸுக்கு அதன் அருமை தெரியவில்லை. கைது, வழக்கு, தண்டனை. தன்னந்தனியாக ஏறிய அந்த வீரக் கதையை நூறு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கிறான்.

விஷயம் வெளியே தெரிந்தால் இனி அந்த பப் வாசலை அவன் மிதிக்க முடியாது. மிதித்தாலும் சாகும்வரை கிண்டல் செய்வார்கள். செத்த பிறகு கல்லறையிலும் எழுதிவைப்பார்கள்.

இங்கே வந்த முதல் நாள் அவன் அந்தக் கொடியைக் கட்டிலில் விரித்து, அறுபத்திரண்டு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். அதனால்தான் போனைக் கையில் எடுத்தேன். இல்லாவிட்டால் எனக்கு என்ன வேண்டுதலா?

இன்று கொடி வீடியோ. நாளை முதல் ஆட்டம், ஊர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கையெழுத்துகளை ஆப் மண்புழுக்களாக்கி வைத்தது.

"தூரத்துல இருந்து காட்டு," என்றான்.

தூரத்திலிருந்து காட்டினேன். இரண்டே கைகள். அவன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன்.

பத்து நிமிடத்தில் நாற்பது பேர் இதயம் போட்டார்கள். "எங்க சிங்கம்!" என்று பப்காரி எழுதினாள். சிங்கம் விரலில் ஒட்டியிருந்த கடுகு சாஸை நக்கியது.

அதற்குக் கீழே மர்டோவின் பெயர் வந்தது.

"எந்தத் தெருவுல இருக்க? நானும் பாஸ்டன்லதான் இருக்கேன். இதோ வரேன்."

மர்டோ எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவன், வழுக்கைத் தலையன். ஒரு புல்வெட்டும் மெஷினை யார் உடைத்தது என்ற விவகாரத்தில் லாக்லனோடு ஆறு வருடமாகப் பேச்சு இல்லை. இவன் கிளம்பிய அதே வாரம் அவனும் அமெரிக்காவுக்குக் கிளம்பினான், எதிர் பப்பிலிருந்து, இரண்டு பைப் ஊதவைத்து.

"போச்சு," என்று லாக்லன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "ஊரெல்லாம் சொல்லிடுவான். முடிஞ்சுது என் கதை." கண்ணில் தண்ணீர். ஐம்பது வயது ஆம்பிளை.

ஐந்து நிமிடம் கழித்து மர்டோவே ஒரு வீடியோ போட்டான்.

ஏதோ ஒரு பாஸ்டன் பப். மர்டோவும் லாக்லனும் தோளில் கை போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். லாக்லனுக்குத் தொப்பை இல்லை. மர்டோவுக்குத் தலை நிறைய முடி. "கண்டுபிடிச்சுட்டேன் இந்த எருமையை!" என்று மேலே எழுதியிருந்தான்.

நான் திரையைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்தேன். எருமை கட்டிலில்தான் இருந்தது.

"அவன் எதுக்கு உன்னைக் காப்பாத்துறான்?"

லாக்லன் கில்ட்டை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு நீரூத்துல நான் தனியா ஏறல, ஷோனா," என்றான். "தேவதை ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணுக்கு மர்டோ கட்டிவிட்டான். ரெண்டு பேரையும் ஒரே விலங்குலதான் பூட்டினாங்க, தண்டனையும் ஒண்ணுதான்."

நான் கேட்க வாயெடுப்பதற்குள் அவன் போன் அதிர்ந்தது. யாருக்கும் தெரியாமல் மர்டோ அவனுக்கு மட்டும் அனுப்பியது.

"அங்கயும் மழையா? இங்க மூணு நாளா விடல."

லாக்லன் ஜன்னலைப் பார்த்தான். பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஒற்றை விரலால் அவனுக்குப் பதில் எழுதினான்.

"ஊத்துதுடா."