ஞாயிற்றுக்கிழமை அடுப்பு

"சாணி கேஸ் என்ன, ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குமா கந்தப்பண்ணே?"

கணேசமூர்த்தி கேட்டதும் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கந்தப்பன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

தேயிலைத் தோட்டத்தில் மாடு வளர்க்கும் வீடுகளுக்குச் சாணக் குழி கட்டி, கேஸ் அடுப்பும் பூட்டிக் கொடுக்கிற சங்கத்து ஆள் கணேசமூர்த்தி. பன்னிரண்டு வீட்டில் அடுப்பு நீலமாய் எரிகிறது. கந்தப்பன் வீட்டிலும் எரிகிறதுதான், திங்களிலிருந்து சனி வரை. ஞாயிறு விடிந்தால் ஆயிரம் குச்சி கிழித்தாலும் பற்றாது.

"சாணி கரைச்சு ஊத்த ஒடம்பு வளையல, வேற என்ன?" என்றாள் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி. "எங்க வீட்டுலயும்தான் மாடு நிக்குது. அடுப்புதான் வரல."

"அண்ணே, இந்த ஒரு அடுப்பால எத்தன மரம் தப்பிக்குது தெரியுமா? புகை இல்ல, அக்காவுக்கு இருமல் இல்ல. இவ்வளவையும் குடுத்தும் அவங்கள மறுபடி விறகுக்கு அனுப்புறீங்களே! அடுத்த தடவ வர்றப்பவும் இப்படின்னா, அடுப்பக் கழட்டி நாகலெட்சுமி அக்காவுக்குக் குடுத்துருவேன்."

"பார்த்துக்கிறேன் தம்பி," என்றார் கந்தப்பன்.

உள்ளே அவர் மனைவி ராக்காயிக்கு இரண்டு கவலை. புருஷன் நாலு பேர் முன்னால் திட்டு வாங்குகிறாரே என்பது ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு எரிந்து தொலைத்தால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம்.

விஷயம் இதுதான். மகள் மீனம்மா இரண்டு வருஷத்துக்கு முன் தனக்குப் பிடித்தவனோடு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டாள். "அவ செத்துட்டா. அவளப் போய்ப் பார்க்கிறவங்க இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று கந்தப்பன் லயத்தையே கூட்டிவைத்துச் சொன்னார். அதற்குப் பிறகு மகள் பெயரை அவர் எடுத்ததே இல்லை.

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலை ஒன்று உண்டு. வெட்டிப் போட்டுக் காய்ந்து கிடக்கும் மிலாறுக் குச்சி பொறுக்க, ஞாயிறன்று இரண்டு பக்கத்துப் பெண்களும் வருவார்கள். தாயும் மகளும் பார்த்துக்கொள்வது அங்கேதான். விறகு பொறுக்கக் கால் மணி நேரம், பேச ஒரு மணி நேரம்.

அந்த நேரத்தில்தான் கேஸ் வந்தது. கண் எரிச்சல் போனது, இருமல் போனது, கரிச்சட்டியெல்லாம் வெளுத்தது. ராக்காயி அடுப்பைத் தொட்டுக் கும்பிட்டாள். அடுத்த ஞாயிறே அழுதாள். எரிகிற அடுப்பை வைத்துக்கொண்டு விறகுக்குப் போகிறேன் என்றால் எந்தப் புருஷன் நம்புவான்? மூன்று ஞாயிறு வாசலில் நின்று அந்த மலையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனாள்.

நாலாவது ஞாயிறு அடுப்பு எரியவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மூணு வாரமா இங்கதாம்மா நின்னேன்," என்று கட்டிக்கொண்டாள் மீனம்மா. "அப்பா என்னையப் பத்தி எதுவும் கேட்டாரா?"

"கேட்டாருடி," என்று பொய் சொன்னாள் ராக்காயி.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அடுப்பு அணைந்தது. மீனம்மா இப்போது முழுகாமல் இருக்கிறாள், ஐந்து மாதம். ராக்காயி யாரிடமும் மூச்சு விடவில்லை. ஊறுகாயை மடியில் கட்டிக்கொண்டு போய்க் கொடுப்பாள். போத்தல் காலியானபோது, கந்தப்பன் எதுவும் கேட்காமல் கந்தப்பளைக் கடையிலிருந்து புதுப் போத்தல் வாங்கிவந்து வைத்தார். கிழவருக்கு வயசான காலத்தில் நாக்கு நீண்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் விறகோடு திரும்பி வந்தால், தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, கந்தப்பன் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"மலையில பனி சாஸ்தியா?"

"ஆமாங்க," என்பாள்.

அடுத்த தடவை கணேசமூர்த்தி சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். ஞாயிறு காலை. அடுப்பு செத்துக் கிடந்தது. ராக்காயி கயிறும் கத்தியுமாக வாசலில் நின்றாள்.

அவன் நேரே மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போய், குழிக்கு மேல் கிடந்த பலகையைத் தூக்கினான்.

"அண்ணே! கேஸ் நெறைய நிக்குது. இந்தப் பெரிய வால்வ யாரோ இறுக்கி மூடியிருக்காங்க!"

திறந்துவிட்டான். நாகலெட்சுமி ஓடிப்போய்க் குச்சி கிழித்தாள். குப்பென்று பற்றிக்கொண்டது.

ராக்காயி கயிற்றை மெல்லக் கீழே வைத்தாள். எதிர்மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. மகள் அங்கே வந்து நிற்பாள். இனி எதைச் சொல்லிப் போவது? கண் நிறைந்துவிட்டது. பழி போடப் புகைகூட இப்போது வீட்டில் இல்லை.

"யாரண்ணே மூடுனது?" கணேசமூர்த்தி விடவில்லை.

கந்தப்பன் கீழே கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு மாட்டுப்பட்டிக்குப் பின்னால் நடந்து, அத்தனை பேர் பார்க்க, வால்வை மறுபடி இறுக்கி மூடினார்.

"அண்ணே!"

"ஆறு நாளு எரியுதுன்னு எழுதிக்கங்க தம்பி. அதுக்கு நான் பொறுப்பு."

கயிற்றை எடுத்து, முகத்தைப் பார்க்காமல் ராக்காயி கையில் கொடுத்தார்.

"கெளம்பு. வாயும் வயிறுமா இருக்கிற புள்ள, இந்தப் பனியில எம்புட்டு நேரந்தான் நிக்கும்?"