கவியரசன் கல்யாணத்துக்கு ஓர் ஆட்சேபணை

"மேடம், இந்தக் கல்யாணத்த நான் அப்ஜெக்ட் பண்ணணும்."

சார்பதிவாளர் ராதிகா நிமிர்ந்தாள். எதிரே இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், ஓடி வந்தவள் போல மூச்சிரைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கல்யாணம்?"

"வெளிய போர்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்குதே, நைனார்பாளையம் கவியரசன், கச்சிராயபாளையம் பூமாலை. அப்ஜெக்ட் பண்ண இன்னைக்குத்தான கடைசி நாளு?"

ராதிகா இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அந்த ஜோடியை அவள் பார்த்ததில்லை.

"சரி, காரணம் சொல்லுங்க."

"புடிக்கலைங்க."

"அது காரணம் இல்லம்மா."

"இன்னா மேடம் இது! அப்ஜெக்ட்னா புடிக்கலைன்னு சொல்றதுதான?"

"வெளியில அப்படித்தான். இங்க சட்டம் ஒத்துக்கிற காரணம் வேணும். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா?"

"அய்ய, அவரு அதுக்கெல்லாம் ஆளில்ல."

"வயசு கம்மியா?"

"முப்பது ஆவுது."

"புத்தி சரியில்லாதவரா?"

அவள் நம்பிக்கையோடு மேஜைக்கு நெருங்கி வந்தாள்.

"பைக்ல கூட்டிக்கினு போவாரு. கல்வராயன் மலை ஏத்தம் வந்தா, வண்டி பாவம்னு பின்னாடி உக்காந்தவங்கள எறங்கி நடக்கச் சொல்லுவாரு. இது சேருமா மேடம்?"

"சேராது."

ராதிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இறங்கி நடந்தவள் இவள்தான். பழைய காதல். தன் கல்யாணத்தன்று இப்படி ஒருத்தி வந்து நின்றிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தாள். எத்தனை வருஷத்துக் குறட்டையிலிருந்து தப்பித்திருக்கலாம்!

"அவர்கிட்டயே நேரா சொல்லிடலாமே?"

"தாங்க மாட்டாரு மேடம். நல்ல மனுசன், பொசுக்குனு அழுதுடுவாரு. கவர்மெண்ட்டே வேணாம்னுடுச்சின்னா மனசத் தேத்திக்குவாரு."

"கவர்மெண்ட்டுக்கு அந்த வேலையெல்லாம் இல்லம்மா. பூமாலை வாயத் தொறந்து வேணாம்னு சொன்னாப் போதும், கல்யாணம் நின்னுடும்."

"அவளுக்கு அவ்ளோ தைரியம் கெடையாதுங்க."

ராதிகாவுக்கு மனம் இளகியது. "எங்க இருக்காங்க? வரச் சொல்லுங்க. நான் எடுத்துச் சொல்றேன்."

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மேடம். நான்தான் பூமாலை."