பின்கதவுக் கொக்கி

டோனி மூக்கைத் தூக்கி ஒரே தட்டு தட்டியது. கொக்கி கழன்று பின்கதவு திறந்துகொண்டது.

"பாத்தீங்களா பாய், டெய்லி இதே பேஜாரு. வேலைக்குப் போய்ட்டு வந்தா வூடு தொறந்து கீது" என்றாள் ஜூடி.

நான் நாய்களைப் பழக்குகிறவன். பெயர் தவ்ஃபீக், ஆனால் வண்ணாரப்பேட்டையில் 'நாய் வாத்தியார்' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வேலை முடிந்து போனால், குளிக்காமல் என்னை வாசற்படி ஏறவிட மாட்டாள் என் அம்மா.

அடிக்கிற வேலை என்னிடம் கிடையாது. வேகவைத்த ஈரல் துண்டுதான் என் பிரம்பு.

நாய்க்குக் கெட்ட பழக்கம் என்று ஒன்று இல்லை. கூலி கிடைக்கிற வேலையைச் செய்யும், கிடைக்காததை விட்டுவிடும். அந்த விஷயத்தில் நம்மைவிட விவரமான ஜாதி.

ஜூடி இந்த நாயைச் செல்லத்துக்கு வளர்க்கவில்லை. புருஷன் சவரிநாதன் அவள் கையை உடைத்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் ராயபுரத்தை விட்டுத் திருவொற்றியூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்தவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அவன் கோர்ட் வாசலிலேயே சொன்னானாம்.

அவன் வந்தால் குரைக்க ஒரு ஜீவன் வேண்டும் என்றுதான் டோனியை வாங்கினாள். குரைக்க வேண்டியது கதவைத் திறந்து வைத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? விளக்குமாறு வரை போய்ப் பார்த்துவிட்டாளாம்.

முதலில் திருடனோ என்று பயந்திருக்கிறாள். ஆனால் வீட்டில் ஒரு கரண்டிகூடக் காணாமல் போகவில்லை. சரி, நாயின் சேட்டைதான் என்று என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

மற்ற நாட்களில் இந்நேரம் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் கம்பெனிக்குப் போயிருப்பாள். இன்று எனக்காக லீவு போட்டிருந்தாள். பிள்ளை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அதட்டாதக்கா. கதவத் தொறந்தா அதுக்கு இன்னா கெடைக்குதுன்னு பாப்போம். அத நிறுத்திட்டா இதுவும் நின்னுடும்" என்றேன்.

சத்தம் காட்டாமல் ஜன்னலோரம் நின்றோம்.

ஊர் சுற்றத்தான் கிளம்பும் என்று நினைத்தேன். டோனி கிளம்பவில்லை. மீன் கழுவிய இடத்தை மோந்துகூடப் பார்க்காமல், நேராகப் பின்சுவரின் அடிக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் கன்டெய்னர் லாரிகளை நிறுத்துகிற பொட்டல்.

முன்னங்கால்களை ஒட்டிவைத்து உட்கார்ந்தது. தலையைத் தூக்கிச் சுவரின் மேல்விளிம்பையே பார்த்தது. வால் மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தது, வாயில் மட்டும் சத்தமே இல்லை.

நாய் தானாக அப்படி உட்காராது. யாரோ உட்காரவைத்துப் பழக்கியிருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு பாடம்கூட ஆரம்பிக்கவில்லை.

எனக்கு முன்னால் வேறு யாராவது பழக்கினார்களா என்று ஜூடியிடம் மெதுவாகக் கேட்டேன். இல்லையென்று தலையாட்டினாள்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு கை எழுந்தது. வறுத்த மீன் துண்டு ஒன்று உள்ளே விழ, டோனி அதைத் தரையில் படவிடாமல் கவ்வியது.

"ஷோக்கா செஞ்சடா நைனா" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் கொஞ்சியது. "நைட்ல நான் வரசொல்லோ இதே மாரி கம்முனு தொறந்துடு, இன்னா?"

ஆளில்லாத வீடு என்று நினைத்துத்தான் அவன் பேசிக்கொண்டிருந்தான். ஜூடி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூளி அசைந்தது.

அந்தக் குரலுக்கு விழித்துக்கொண்ட பிள்ளை, ஆசையாக, உரக்க, "அப்பா" என்று கூப்பிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் கொஞ்சல் நின்றது.