ஒரு விரல் குறை

"ஐயா, தண்ணிக்குள்ள கட்டை விரல மட்டும் தூக்கிடாதீங்க. தூக்குனா, மேல இட்டுகினு போன்னு அர்த்தம். அப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் நான் கேக்க மாட்டேன்."

படகு விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்த ஸ்தபதி சதாசிவம் தலையை மட்டும் ஆட்டினார். மாப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய அரைக்கால் சட்டை, மேலே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். மாமல்லபுரத்துப் பட்டறையில் யாராவது பார்த்திருந்தால் ஆறு மாதத்துக்குச் சிரிப்பார்கள்.

"உள்ளங்கையக் காட்டினா?" என்று கேட்டார்.

"நில்லுன்னு அர்த்தம்."

"எங்க சாஸ்திரத்துல அதுக்குப் பேரு அபயம். பயப்படாதேன்னு அர்த்தம்."

"எதுவா இருந்தா இன்னா ஐயா, ரெண்டும் நல்லதுதான்" என்று சொல்லி வழிகாட்டி ஜெபசிங் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். டீ கொடுக்கும்போதும் கையுறையைக் கழற்றவில்லை. அவன் கழற்றுவதே இல்லை. கேட்டால் சிப்பி கிழிக்கும் என்பான்.

சுனாமிக்குப் பிறகு சதாசிவம் கடலில் கால் நனைத்ததில்லை. நாலு வருஷமாயிற்று. ஆனால் அவர் செதுக்கிய பன்னிரண்டு கருங்கல் சிலைகள் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, இரண்டு ஆள் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தன. கடலுக்கடியில் ஒரு சிற்பக் காட்சியகம். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அதில்தான் இப்போது வில்லங்கம்.

"ஸ்தபதி சார், நீங்க இவ்வளவு சிரமப்பட வேணாம்" என்றார் படகில் கூட வந்திருந்த காட்சியக நிர்வாகி ஜெயகிருஷ்ணன். "கடைசிச் சிலைக்கு ஒரு விரல் ஒடஞ்சிருக்கு. நாளைக்குக் கிரேன் வருது. அதைத் தூக்கிட்டு வேற ஒண்ணு வெச்சுடலாம். ஏற்கெனவே அதுக்கு முகமும் கெடையாது. மாடர்ன் ஆர்ட்டுன்னு நோட்டீஸ்ல போட்டுச் சமாளிச்சோம். விரலுக்கு என்னன்னு போடறது?"

"ஒடஞ்சிருக்குன்னு யாரு சொன்னது?"

"நான்தாங்க" என்றான் ஜெபசிங். "தெனம் பாத்துகினுதான கீறேன். எதுனா நங்கூரம் பட்டிருக்கும். பின்னமானத நிக்க வெச்சா வர்ற ஜனம் அதையேதான் பாக்கும் ஐயா. கொறைய மறைக்கிறதுதான் மரியாதை."

சதாசிவத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினொரு சிலைகளைக் கூலிக்குச் செய்தார். இந்த ஒன்றை மட்டும் தன் மனசுக்காகச் செய்தார். வைக்கோலும் சாக்கும் சுற்றி அதை இறக்கியபோது யாரும் விரலை எண்ணிப் பார்க்கவில்லை. இப்போது எண்ணுகிறார்கள்.

"நான் என் கண்ணால பாக்கணும். அதுவரைக்கும் அது மேல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார்.

முகக் கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீர் வந்ததும் ஓர் அலை காதில் அறைந்தது. சுனாமி அன்றைய சேற்று நாற்றம் மூக்கில் ஏறியது போலிருந்தது. கட்டை விரல் தானாக எழப் பார்த்தது.

அதற்குள் ஜெபசிங் எதிரே நீந்தி வந்து உள்ளங்கையைக் காட்டினான். நில்லு என்றுதான் காட்டியிருப்பான். சதாசிவம் அதை அபயம் என்றே எடுத்துக்கொண்டார். அவன் அவருடைய மணிக்கட்டைப் பற்றி மெதுவாக இழுத்துக்கொண்டு போனான். அவர் குப்புற மிதந்தபடி கீழே பார்த்தார்.

யாளி நின்றது. யானை நின்றது. நாட்டியக்காரியின் கொண்டையில் பாசி பூத்திருந்தது. கடைசியாக அந்தச் சிலை. முகமில்லாத ஆள், வலது கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றான். மோதிர விரல் பாதியில் முடிந்திருந்தது. முடிந்த இடம் வழவழவென்று இருந்தது. விரல்களின் இடுக்கில் குட்டி மீன்கள் கூட்டமாகப் புகுந்து புறப்பட்டன. சதாசிவம் பயத்தை மறந்துபோனார்.

படகில் ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஒடையல. நான் செதுக்கினது செதுக்கினபடி இருக்கு."

"குறையோட யாராவது செதுக்குவாங்களா சார்?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"கோயிலுக்குன்னா கூடாது. அதனாலதான் கடலுக்குக் குடுத்தேன்." சதாசிவம் கரையிலிருந்த டச்சுக் கோட்டையைக் காட்டினார். "சுனாமி அன்னிக்கு அந்தச் சுவர் ஓரமாத் தண்ணி என்னை அடிச்சுகிட்டுப் போச்சு. மேலேர்ந்து ஒரு கை நீண்டுது. புடிச்சேன். மோதிர விரல் பாதிதான் இருந்தது. என் கண்ணெல்லாம் சேறு, ஆளு யாருன்னு பாக்க முடியல. நான் கண்ணைத் தொடைக்கிறதுக்குள்ள அவன் அடுத்த ஆள இழுக்கப் போயிட்டான். பாக்காத முகத்த எப்படி சார் செதுக்கறது? பாத்த கைய மட்டும் செதுக்கினேன்."

ஜெபசிங் தலையைக் குனிந்துகொண்டு வலது கையுறையை மெல்ல உருவினான். மோதிர விரல் உறையில் அடைத்து வைத்திருந்த துணிச் சுருள் நழுவிப் படகில் விழுந்தது.

"அன்னிக்கு எத்தினி பேர இழுத்தேன்னு எனுக்கே தெரியாது ஐயா" என்றான்.

சதாசிவம் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவன் நெற்றி, மூக்கு, தாடை எல்லாவற்றையும், கல்லை அளப்பது போல நிதானமாகப் பார்த்தார். கண் கலங்கியது. ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"ஜெயகிருஷ்ணன் சார், நாளைக்குக் கிரேன் கண்டிப்பா வரட்டும். சிலையத் தூக்கியே ஆகணும்" என்றார். "முகம் பாக்கி இருக்கு."